அடைப்பு எடுத்தாச்சு, கிளினிக்கை விட்டுராதீங்க

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு டீச்சர். புள்ள நல்லா சலம் போறான், சாப்பிடுறான், ஓடுறான். இனி எதுக்குக் கிளினிக்?"

எங்கள் பக்கத்துத் தாய்மார் என்னிடம் கேட்கிற கேள்வி இது. டொக்டரிடம் கேட்கக் கூச்சம். நான் பள்ளிக்கூடத்து டீச்சர், என் அக்கா மகனுக்கும் இதே சலப் பாதை அடைப்பு வருத்தம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் என்னிடம் கேட்பது லேசு. வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்வதைவிட ஒருமுறை ஆற அமர எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. வார்டிலும் கிளினிக்கிலும் அக்காவோடு இருந்து கேட்டவை, பிறகு தேடித் தேடிப் படித்தவை, அவைதான் இங்கே இருக்கின்றன.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைப்பை எடுப்பது சலம் போகிற பாதைக்குச் செய்யும் வைத்தியம். கிட்னிக்கு வந்த சேதம் அதற்கு முன்பே, பல பிள்ளைகளுக்குத் தாயின் வயிற்றிலேயே, நடந்து முடிந்துவிடுகிறது. மிஞ்சியிருக்கிற கிட்னி எவ்வளவு, அது எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்கத்தான் கிளினிக். பிள்ளை வளர்ந்து மீசை முளைத்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பார்வை வேண்டும்.

எங்கள் பக்கம் என்றால் ரிவர்ஸ்டன். இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புரைக்கு ஏறுகிற பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரில், கோபுரமும் மூடுபனியும் ஆளைத் தள்ளுகிற காற்றுமாக இருக்கிற இடம். படம் எடுக்க வருகிறவர்களுக்கு பிட்டவல பத்தனவும் அதன் ஓரத்துப் பள்ளத்தாக்கும் தெரியும். கீழே ஏலமும் மிளகும் தேயிலையுமாக வாழ்கிற குடும்பங்களுக்குத் தெரிந்தது வேறு கணக்கு. மாத்தளை டவுனுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வளைவுப் பாதை. அங்கிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ், கண்டியிலிருந்து பேராதனைக்கு இன்னொன்று. காலையில் நம்பர் எடுக்க வேண்டுமென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். வைத்தியம் இலவசம். ஆனால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசு போய்விடும், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேட வேண்டும். இத்தனையும் தாண்டிப் போய், "எல்லாம் சரி, ஆறு மாசத்தில் வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பும்போது, அடுத்த முறை விட்டுவிடலாமே என்று மனசு சொல்வதில் ஆச்சரியம் இல்லை. விட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஏன் விடக் கூடாது என்று சொல்ல வருகிறேன்.

இன்னொரு குழப்பமும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. ரிவர்ஸ்டன் பாதையில் அப்படியே லக்கல வழியாக இறங்கினால் வில்கமுவ. அங்கே வயல் வேலை செய்கிற பெரியவர்களுக்குக் காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட அதே நோய். அதனால் 'கிட்னி வருத்தம்' என்றாலே குடிதண்ணீர், உரம், அந்தப் பக்கத்து விவசாயி என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. மலை ஊற்றுத் தண்ணீர் குடிக்கிற குழந்தைக்கு எப்படி என்று கேட்கிறார்கள். பிள்ளைகளின் கதை வேறு. உலகம் முழுவதும் பிள்ளைகளுக்கு வரும் நாட்பட்ட சிறுநீரக நோயில் பாதியளவுக்குக் காரணம், கிட்னியும் சலப் பாதையும் கருவில் உருவாகும்போதே ஏற்படுகிற குறைகள். தாய் குடித்த தண்ணீரோ செய்த வேலையோ இதற்குப் பொறுப்பில்லை. இதை மாமியார்மாரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்தக் குறைகளில் கடுமையானது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. சலப்பையிலிருந்து வெளியே வருகிற குழாயின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு மடிப்பு ஒன்று உருவாகி வழியை மறிக்கிறது. கிளினிக் கொப்பியில் 'பி.யு.வி.' என்று எழுதுவார்கள், வார்டில் 'வால்வு' என்று பேசுவார்கள். 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் இது வருகிறது. அமெரிக்காவில் ஹியூ ஹம்ப்டன் யங் என்ற வைத்தியர் 1919இல் இதை மூன்று வகையாகப் பிரித்து விவரித்தார். இன்று குழந்தைக்கென்றே செய்த மெல்லிய கருவியை உள்ளே விட்டு, அந்தச் சவ்வைச் சுட்டோ வெட்டியோ விடுகிறார்கள். வெளியே தழும்பு கூடத் தெரியாது. தழும்பு இல்லாததாலேயே வருத்தமும் போய்விட்டது என்று நம்புவது சுலபமாகிவிடுகிறது.

கருவில் இருக்கும் குழந்தை சலம் கழிக்கிறது. கர்ப்பத்தின் பின்பாதியில் பனிக்குடத் தண்ணீரில் பெரும்பகுதி அதுதான். வழி மறிபட்டால் அழுத்தம் பின்னோக்கி ஏறும். சலப்பையின் சுவர் தடிக்கும், மேலே போகிற குழாய்கள் வீங்கும், கடைசியில் கிட்னி வீங்கும். அதுவும் எப்போது? கிட்னி உருவாகிக்கொண்டிருக்கிற நேரத்தில். கிட்னியில் இரத்தத்தை வடிக்கிற நுண்ணிய அலகுகளுக்கு நெஃப்ரோன் என்று பெயர். ஒரு கிட்னிக்குச் சராசரியாகப் பத்து லட்சம். கர்ப்பத்தின் 36ஆவது வாரத்தோடு புதிய நெஃப்ரோன் உருவாவது நின்றுவிடும். பிறந்த பிறகு எந்த மருந்தும் எந்த ஆபரேஷனும் ஒரே ஒரு நெஃப்ரோனைக்கூடக் கூட்டித் தராது. வயிற்றில் இருக்கும்போதே குழாய் வைத்து அழுத்தத்தை இறக்கினால் என்ன என்று பிரிட்டனில் சோதித்தார்கள். 31 தாய்மாரோடு நின்றுபோன அந்த 'ப்ளூட்டோ' ஆய்வு 2013இல் வெளியானது. உயிர் தப்பிய பிள்ளைகளிலும் கிட்னி நன்றாக இருந்தவர்கள் மிகச் சிலரே.

என் அக்கா மகனுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பிடிபட்டது. சலம் பீய்ச்சி வராமல் சொட்டுச் சொட்டாக வந்தது, அடிவயிறு கல்லுப் போல இருந்தது, காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. குழாய் போட்டதும் சலம் கொட்டு கொட்டென்று கொட்டியது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். நர்ஸ் மிஸ் சந்தோஷப்படவில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் பையில் இறங்கிய அளவைக் குறித்தார், நனைந்த பம்பர்ஸைத் தராசில் வைத்து நிறுத்தார், அதற்கு ஏற்றபடி சேலைனைக் கூட்டிக் குறைத்தார். அடைபட்டிருந்த கிட்னி திடீரென்று திறபடும்போது தண்ணீரையும் உப்பையும் பிடித்துவைக்கத் தெரியாமல் வெளியே விட்டுவிடும், கவனிக்காவிட்டால் பிள்ளை வற்றிப்போகும் என்று பிறகுதான் விளக்கினார்கள். அந்த மிஸ்ஸின் எழுத்து இன்னும் அக்காவின் கொப்பியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு எண்ணுக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவின் அளவு, முதல் ஒரு வருடத்தில் ஆகக் கீழே எதுவரைக்கும் இறங்குகிறது என்பதுதான் அது. 0.8 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பிற்காலம் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 1க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் கவனம் கூடுதலாக வேண்டும். பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரே எண் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். டொக்டர் மாறிப் போனாலும் அந்த எண் உங்களோடு வரும்.

பிறகு பிள்ளை வளர்கிறான். வளர்வதுதான் இங்கே சோதனை. உடம்பு பெருக்கப் பெருக்க கிட்னிக்கு வேலை கூடும், நெஃப்ரோன் கூடாது. பத்துப் பேர் எடுக்க வேண்டிய மலையில் ஐந்து பேரே இருந்து அதே எடைக் கொழுந்தை எடுத்துக் காட்டுவது போலத்தான். கொஞ்ச நாளைக்கு எடை குறையாது. கணக்கப்பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த ஐந்து பேரும் தேய்ந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நெஃப்ரோனும் தன் பங்குக்கு மேல் உழைத்து, உள்ளே அழுத்தம் ஏறி, தழும்பாகி, ஒவ்வொன்றாக விழும். முதல் அடையாளம் சலத்தில் புரதம். அடுத்தது இரத்த அழுத்தம். இரண்டுமே பிள்ளைக்கு வலிக்காது.

ஃபின்லாந்தில் இப்படி வால்வு எடுத்த ஆண் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல், டயலிசிஸோ மாற்றுக் கிட்னியோ தேவைப்படும் நிலைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் போகவில்லை என்பதையும் சேர்த்தே வாசியுங்கள், பெரும்பாலான பிள்ளைகள் அந்த நிலைக்குப் போவதில்லை. ஆனால் என்னை நிறுத்திய விஷயம் வேறு. அப்படிப் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது நடந்தது 17 வயதுக்குப் பிறகு.

பதினேழு வயதில் எங்கள் பையன்கள் எங்கே இருக்கிறார்கள்? கொழும்பில். புறக்கோட்டைக் கடைகளில், ஹோட்டல்களில், மேசன் வேலையில். சின்னப் பிள்ளைகளின் கிளினிக்கில் பெயர் வெட்டியாகிவிட்டது, பெரியவர்களின் கிளினிக்குக்குக் கொடுத்த கடிதம் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கைக்குழந்தையில் நடந்த ஆபரேஷன் அவனுக்கு ஞாபகமும் இல்லை. நின்றுகொண்டே வேலை, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை, முதுகு வலித்தால் கடையில் கிடைக்கிற வலி மாத்திரை. மிஞ்சிய கிட்னி தேய்கிற வயதும், யாருமே பார்க்காத வயதும் ஒன்றாக வந்து சேர்கின்றன. எங்கள் மலைப்பக்கத்தில் இந்த வருத்தத்தின் ஆபத்தான இடம் ஆபரேஷன் தியேட்டர் இல்லை, இந்த வயதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'ரிப்போர்ட் நோர்மல்' என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு கிரியேட்டினின் 0.6 மில்லிகிராம் என்று துண்டு வருகிறது. பக்கத்தில் அச்சடித்திருக்கிற அளவு பெரியவர்களுக்கானது, அதில் 0.6 கூடுதல் என்று யாரும் வட்டம் போட மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்கு உயரத்தோடு சேர்ந்தது. உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 2009இல் திருத்தி வெளியிட்ட ஷ்வார்ட்ஸ் சூத்திரம் இது. 100ஐ 0.413ஆல் பெருக்கினால் 41.3, அதை 0.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 69. கிட்னி எவ்வளவு வடிக்கிறது என்று காட்டும் இந்த எண்தான் ஜி.எஃப்.ஆர்., நல்ல கிட்னி 90க்கு மேல் காட்ட வேண்டும். துண்டில் 'நோர்மல்', கணக்கில் கால்வாசி குறைவு. அரசாங்க ஆஸ்பத்திரித் துண்டில் மைக்ரோமோல் என்று இருந்தால் 0.413க்குப் பதில் 36.5ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். தரம் ஐந்து பிள்ளையே போடக்கூடிய கணக்கு. போட்டுப் பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போகும்போது உயரம் அளந்தார்களா என்று பார்ப்பதற்காகவும், "ஜி.எஃப்.ஆர். எவ்வளவு டொக்டர்?" என்று கேட்பதற்காகவும் சொல்கிறேன். பிறந்தபோது கொடுத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் உயரக் கோடு தட்டையாகப் போகிறதென்றால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். கிட்னி சோர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடி எலும்பு வளர்ச்சி பின்தங்கும். இதற்கு மருந்து இருக்கிறது.

இனி சலப்பை. பிறக்கும் முன்பிருந்தே அடைப்புக்கு எதிராக முக்கி முக்கித் தடித்துப்போன பை, அடைப்பு போன பிறகும் பழையபடி மெத்தென்று ஆகிவிடுவதில்லை. கொஞ்சம் நிறைந்தாலே உள்ளே அழுத்தம் ஏறும், முழுதாகக் காலியாகாது. மறுபக்கம், சேதமான கிட்னியால் சலத்தைக் கெட்டியாக்க முடியாது, அதனால் தண்ணீராக நிறைய இறங்கும். பை சின்னது, வரத்து பெரிது. அந்த அழுத்தம் மறுபடி மேலே ஏறிக் கிட்னியைத் தாக்கும். எங்கள் வீட்டில் அக்கா மகனின் பாய்க்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர். நடுச்சாமத்தில் எழுந்து அதைக் காலி செய்வான், விடியும்போது பாய் நனைந்திருக்கும். "இவ்வளவு பெரிய பிள்ளை இன்னும்..." என்று சொந்தக்காரர் சொன்னபோது அக்காவுக்கு அழுகை வந்தது. அது பழக்கக் கோளாறு இல்லை, தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடுகிற விஷயமும் இல்லை. குறைத்தால் கிட்னிக்குத்தான் கேடு. நேரம் வைத்துச் சலம் கழிப்பது, ஒருமுறை போய்விட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி போவது, தேவைப்பட்டால் பையைத் தளர்த்துகிற மருந்து, அதற்கும் மேலே போனால் வீட்டிலேயே சுத்தமான குழாய் போட்டு வடிப்பது என்று படிப்படியாக வழிகள் இருக்கின்றன. குழாய் என்றதும் பயப்படாதீர்கள். பழகிய பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற டீச்சர்மாரிடம் ஒரு வார்த்தை. பாட நேரத்தில் ஒரு பையன் அடிக்கடி வெளியே போகக் கேட்டால் தடுக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்திருக்க விடுங்கள். எங்கள் மலைப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் கக்கூஸ் இருக்கிற நிலையில், பிள்ளைகள் காலையிலிருந்து பகல் வரை அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சாதாரணப் பிள்ளைக்கே அது கூடாது, இந்தப் பிள்ளைக்கு அது நேரடிச் சேதம். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள், ஒரு வாளி தண்ணீர், ஒரு கோப்பை: பெற்றோர் கூட்டத்தில் கேட்டு வாங்க முடியாத விஷயங்கள் இல்லை.

வீட்டில் பார்க்க வேண்டியவையும் கொஞ்சம் இருக்கின்றன. காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் முதலில் சலத்தைச் சோதிக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் "இவனுக்கு வால்வு ஆபரேஷன் செய்தது" என்று கொப்பியைக் காட்டிச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொற்றும் கிட்னியில் ஒரு தழும்பு விடக்கூடும். பனடோல் கொடுக்கலாம். புருஃபென், வோல்டரன் போன்றவை வேண்டாம், பின்னால் வைக்கிற வோல்டரன் மருந்தும் வேண்டாம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் மற்றப் பிள்ளைக்கு ஒரு நாள் பொறுப்பது போல இவனுக்குப் பொறுக்கக் கூடாது. சலத்தைச் சுருக்கத் தெரியாத கிட்னி, உடம்பு வற்றும்போதும் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஜீவனி பெக்கட்டைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டு அன்றே கீழே இறங்கிவிடுங்கள். காமரங்கா, பிலிம்பிக்காய் ஜூஸ் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவற்றால் கிட்னி செயலிழந்தவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள்.

சலத் தொற்றைக் குறைக்கச் சுன்னத்துச் செய்யலாமா என்று டொக்டர் கேட்டதும் சில வீடுகளில் சங்கடப்படுகிறார்கள், இந்துக் குடும்பங்களில் இது பெரிய பேச்சாகிவிடுகிறது. பிரான்சில் வால்வு எடுத்த கைக்குழந்தைகளிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், தொற்றைத் தடுக்கிற மருந்து மட்டும் எடுத்தவர்களில் 20 வீதத்தினருக்குக் காய்ச்சலோடு சலத் தொற்று வந்தது. மருந்தோடு சுன்னத்தும் செய்தவர்களில் 3 வீதம். இதை மதத்தோடு முடிச்சுப் போடாமல் வைத்தியமாகப் பாருங்கள்.

இரத்த அழுத்தமும் அப்படித்தான். பிள்ளைக்கு எதற்கு பிரஷர் பார்ப்பது என்று கேட்கிறோம். ஐரோப்பாவில் 385 பிள்ளைகளோடு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தை வழக்கமான இலக்கைவிட இன்னும் கீழே இறக்கி வைத்திருந்த பிள்ளைகளில் கிட்னி மோசமானது ஐந்து வருடங்களில் ஏறக்குறைய 30 வீதத்தினருக்கு. வழக்கமான அளவில் வைத்திருந்தவர்களில் 42 வீதம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ராமிப்ரில் மாத்திரை கொடுத்தார்கள், இன்னும் கீழே இறக்க வேறு பிரஷர் மருந்துகளையும் சேர்த்தார்கள். கிட்னியைப் புதிதாக்க முடியாது. இருப்பதை நிறைய வருடங்களுக்கு நீட்டிக்க முடியும். பிள்ளைக் கையின் அளவுக்கான பட்டை வைத்துப் பார்த்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

வாசிக்கிற எல்லாரும் கலங்க வேண்டாம் என்பதற்காக ஒன்று. ஸ்கேனில் ஒரு கிட்னி மட்டும் வீங்கியிருக்கிறது, கிட்னியும் குழாயும் சேருகிற இடத்தில் அடைப்பு என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் வேறு வகை. பெண் பிள்ளைகளுக்கும் வரும். கர்ப்ப ஸ்கேனில் தெரிகிற வீக்கங்களில் பெரும்பாலானவை தானாகவே வடிந்துவிடும். ஆபரேஷன் தேவைப்பட்டாலும் மறுபக்கக் கிட்னி நன்றாக இருப்பதால் மொத்த வேலை பெரும்பாலும் குறையாது. பேராதனை மருத்துவ பீடத்தின் அணுமருத்துவப் பிரிவில் எடுக்கிற ஸ்கேன், எந்தக் கிட்னி எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டும். ஆபரேஷனுக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் ஒன்றாக வைத்திருங்கள். இவர்களுக்கும் வருடத்துக்கு ஒருமுறை பிரஷரும் சலமும் பார்ப்பது நல்லது.

இடையில் கிளினிக்கை விட்டவர்களுக்குக் கடைசியாக. தேதி தவறி மாதங்கள் ஆகிவிட்டதே, போனால் ஏசுவார்களே என்று தயங்காதீர்கள். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் மாத்தளை ஆஸ்பத்திரியில் சிறுவர் கிளினிக்கிலாவது கொப்பியைக் காட்டுங்கள். உயரம், பிரஷர், சலத்தில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற நான்கும் ஒரே நாளில் பார்க்கக்கூடியவை. கொழும்பில் வேலை செய்கிற மகனிருந்தால் இன்றைக்கே கோல் எடுத்து, கைக்குழந்தையில் அவனுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று சொல்லுங்கள். கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து அவனுக்கு அனுப்புங்கள். அங்கே தேசிய வைத்தியசாலையில் கிட்னி கிளினிக் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். அந்தப் பழைய கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.